துப்பறிந்த ஸௌந்தரராஜன்

பழைய துப்பறியும் நாவல்களின் முதல் பதிப்பு என்றால் ஸௌந்தரராஜனுக்கு உயிர். வாங்கி அலமாரியில் அடுக்குவதோடு சரி. இதே பைத்தியம் பிடித்துப் போட்டிக்கு நிற்கும் மறைமலை நகர் சிநேகிதர் ஒருவரிடம் இல்லாத ஒரு நாவல் ஸௌந்தரராஜனிடம் இருந்தது. அதன் இன்னொரு பிரதியைப் பிள்ளைப்பாக்கம் பழைய பேப்பர் கடையில் பார்த்ததும் சட்டென்று கையில் எடுத்துக்கொண்டார். இரண்டும் தன்னிடமே இருந்துவிட்டால் அந்த மனுஷர் இனி வாயே திறக்க மாட்டார்.

"இதைப் போட்டது யாருன்னு நான் சொல்றேன் பாரு," என்றார் கடைக்கார சுப்பராயனிடம். "பக்கமெல்லாம் பிரிச்சுப் படிக்காம ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. வாங்கி அழகு பார்க்கிற அசடு. அட்டையில குங்குமம். ஆத்துல பக்தியான பொண்டாட்டி. அவனோட மல்லுக்கட்டி அலுத்துப்போய் எடைக்குப் போட்டிருக்கா."

"கூட இருந்து பாத்த மாரியே சொல்றியே சார். ஒரு அம்மாதான் போட்டுகினு போச்சு."

"பின்னே? துப்பறியும் நாவலோட பழகின மூளைப்பா இது."

வீட்டுக்கு வந்து, ஜோடி சேர்க்க அலமாரியைத் திறந்தார். முதல் பிரதி இருந்த இடத்தில் குக்கர் பெட்டி உட்கார்ந்திருந்தது.

மனைவி யதுகிரி அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"சரஸ்வதி பூஜைக்கு நான் வெச்ச குங்குமம்கூட அழியல. காலம்பறதானே எடைக்குப் போட்டேன்? அதுக்குள்ள திரும்ப வாங்கிண்டு வந்து நிக்கறேளே."