கார் கேட்ட கேள்வி

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பட்டறையில் ஒரு பழைய கார் அரைத்தூக்கத்தில் நின்றது. போன தடவை மலையேறும்போது பாதியில் நின்றுபோன பயம் அதற்கு இன்னும் போகவில்லை. கியர்பெட்டிக்குப் புது ஆயில் ஊற்ற வேண்டும். அலமாரியில் இரண்டு டப்பாக்கள் இருந்தன.

“நான் எல்லா வண்டிக்கும் பொருந்துவேன்,” என்றது பெரிய டப்பா.

“எனக்கு உன் கம்பெனி வண்டிகளை மட்டும்தான் தெரியும்,” என்றது சின்ன டப்பா காரிடம், கூச்சத்தோடு.

“மேடு ஏறும்போது எனக்கு எப்போது நடுங்கும், சொல்லுங்கள்?” என்று கேட்டது கார்.

“எல்லாருக்கும் நடுங்கும்போதுதான்,” என்றது பெரியது.

“இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது. வெளியே தெரியாமல் அடக்கிக்கொள்வாய்,” என்றது சின்னது.

கார் அதை யாரிடமும் சொன்னதில்லை. “நீயே வா,” என்றது.

மறுநாள் பனிமூட்டத்துக்குள் கார் போய்க்கொண்டே இருந்தது. “மலை எப்போது வரும்?” என்று கேட்டது.

“கீழே பார்,” என்றது உள்ளே ஓடிய ஆயில்.

பனி விலகியது; கீழே மேகங்கள் மிதந்தன.