இரண்டாவது சைக்கிள்

சாயங்கால பஸ்ஸுக்கு முன்னால், ஸ்டாப்பிலிருந்து வீடு திரும்பும் தையல்காரர் மெல்லப் போகிறார். ஒரு கையால் தன் சைக்கிளை ஓட்டி, மறு கையால் மனைவியின் சைக்கிளைப் பக்கத்தில் பிடித்து உருட்டிக்கொண்டு போவதால், அந்தக் குறுகலான சாலை அவருக்கே சரியாக இருக்கிறது. துடைத்து வைத்த காலி சீட்டில் சாய்ந்த வெயில் மின்னுகிறது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அதன் மணி தானாகக் கிணிங் என்கிறது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு லாரி, இரண்டு கார், ஓயாத ஹாரன். "நீங்களும் அடிங்கண்ணே! ரோடு என்ன இவரு பாட்டன் சொத்தா?" என்று கண்டக்டர் பல்லைக் கடிக்கிறார். டிரைவர் இரண்டாவது கியரிலேயே ஊர்கிறார். "சும்மா இருப்பா. வர்றேன்னு சொன்ன பொண்டாட்டி இன்னிக்கும் நம்ம பஸ்லேர்ந்து எறங்கல. அந்த மனுஷன் முதுகுல போய் ஹாரன் அடிக்கச் சொல்றியா?" கண்டக்டர் வாய்க்குக் கொண்டுபோன விசிலைக் கீழே இறக்கிக்கொள்கிறார். சாலை கொஞ்சம் அகலும் இடத்தில் தையல்காரர் ஒதுங்குகிறார். காலி சைக்கிளை முதலில் புல்லோரம் தள்ளி, அதன்மேல் எதுவும் உரசிவிடாதபடி தான் நடுவில் நின்றுகொள்கிறார். பஸ் கடக்கையில், இறங்க மறந்து தூங்கிப்போயிருப்பாளோ என்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறார்.