வாசலுக்கு வந்த மெத்தை

1995ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, டத்தோ கிராமாட் வட்டாரத்தில் அப்புத்துரையின் வாடகை வீட்டு வாசலில் அவனுடைய மெத்தையும் தலையணையும் இருந்தன. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்க்கொண்டிருந்த அவனுடைய அக்கா யோகம்மா, மிதிரிக்‌ஷாவான பெச்சாவில் இருந்தபடியே அவற்றைக் கண்டார்.

"நிறுத்துங்க தம்பி."

"வீடு மாத்துறாங்க போலக்கா," என்றார் பெச்சாக்காரர் காஜா மொய்தீன்.

"எங்க ஆளுங்க வீட்டுல படுக்கை வாசலுக்கு வந்தா, படுத்தவரு போயிட்டாருன்னு அர்த்தம். அது என் தம்பி வீடு."

தம்பிக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த நாளிலிருந்து, இரண்டு ஆண்டுகளாக, யோகம்மா அந்தப் படியை மிதித்ததில்லை. கால் எரிச்சலால் அவன் இரவெல்லாம் உறங்குவதில்லை என்று கேள்விப்பட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கிடந்தது. இனி யாரிடம் பேசுவது?

மெத்தைக்கு அடியில் செய்தித்தாள் விரித்திருந்தது. தலையணைக்கு வெளுத்த உறை போட்டிருந்தது. இழவிலும் தம்பி மனைவி நவமணிக்கு ஒழுங்கு தவறவில்லை என்று எண்ணியபடியே கதவைத் தட்டி, திறந்தவளின் கையைப் பற்றிக்கொண்டு யோகம்மா விம்மினார்.

"எனக்கு ஏன் ஆள் அனுப்பல? உயிரோட ஒரு வாட்டி முகத்தப் பார்த்திருப்பேனே."

நவமணி திகைத்தாள். "என்ன அண்ணி சொல்றீங்க? மெத்தையப் பார்த்தா? அது ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்குற மிஸ்ஸி ரொஸ்னா சொன்னது லா. வலிக்குதுன்னு பகலெல்லாம் படுத்துக் கிடந்தா ராத்திரி தூக்கம் வராதாம். மெத்தை தூங்க மட்டுந்தானாம். கண்ணுல பட்டா இவரு படுத்துடுறாரு, அதான் காலையில வெளிய போட்டுடுறேன். நேத்துதான் தொடங்குனேன். ராத்திரி கொஞ்சம் தூங்கினாரு."

யோகம்மா உள்ளே பார்த்தார். பிரம்பு நாற்காலியில், போர்வைக்குள் எலும்பும் தோலுமாக அப்புத்துரை உட்கார்ந்திருந்தான். பேசியது அத்தனையும் அவன் காதில் விழுந்திருந்தது.

யோகம்மா செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

அப்புத்துரை அக்கா கழற்றாத அந்தச் செருப்பைப் பார்த்தான். பிறகு மனைவியிடம் மெல்லச் சொன்னான்:

"நாளைக்கும் மெத்தைய வாசல்லயே போடு, நவமணி. அக்கா வருவாங்க."