நாலு பாட்டில் தண்ணீர்

கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலுக்குள் ஒரு பிடி உப்பைப் போட்டுக் குலுக்கினாள் நாகம்மா.

பெங்களூர்க் கம்பெனி ஒன்று எல்லை தாண்டி இந்தப் பக்கம் இடம் தேடிக்கொண்டிருந்தது. சூளகிரிக்குப் பக்கத்திலிருந்த இந்த ஊருக்கு ரோடு இருந்தது. கரண்டும் வந்துவிட்டது. பாய்லருக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

ரோட்டோரம் நாலு கிணறுகள். எந்தத் தண்ணீர் தேறுகிறதோ, அந்த நிலம் ஃபாக்டரிக்கு. நாலு வீட்டுக்கும் பாட்டில் கொடுத்து, தண்ணீர் நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தார் கம்பெனி ஆபீசர்.

ஃபாக்டரி வந்தால், பெங்களூரில் லேத்து ஓட்டும் மகன் முனிவேல் தினமும் வீட்டுச் சோறு சாப்பிடுவான். அந்த ஆசை இல்லாமலா? ஆனால் அவளுக்கென்று இருந்ததே கிணற்றோடு சேர்ந்த அந்த ஒன்றரை ஏக்கர்தான்.

ஒரு மாதம் கழித்து ஆபீசர் வந்தார். பஞ்சாயத்து ஆபீசில் ஊரே கூடியது.

“தண்ணி தேறலைங்க. யாரோ சமையல் உப்பைக் கலந்திருக்காங்க.”

பிரசிடெண்ட் தீர்த்தகிரி துள்ளி எழுந்தார். “எவன் பண்ணுன வேலைடா இது? நம்ம பசங்க பஸ் ஏறிப் போயி வெளியூருல கெடக்கறானுங்க. அவனுங்க சோத்துல மண்ணப் போட்டது யாரு?”

“மண்ணு இல்லீங்க, உப்பு!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நாகம்மா எழுந்தாள். “நான்தானுங்க. நெலம் போயிருமேன்னு...”

“பாத்தீங்களா! ஊரு நல்லாருக்க ஒரு துண்டு நெலத்த விட மனசு வரல. என் கிணத்து நெலத்தக் கேட்டிருந்தா சும்மாவே எழுதிக் குடுத்திருப்பேன்!” என்றார் தீர்த்தகிரி.

“உன்னையப் போயி வாய் நெறைய அக்கான்னு கூப்புட்டனே!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அடுத்த கிணற்றுக்காரி சரோஜம்மாள்.

ஆபீசர் தொண்டையைக் கனைத்தார். “உக்காரும்மா. கெட்டது ஒரு பாட்டில் இல்லை. நாலும்தான்.”

சரோஜம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“உள்ளதுலயே உங்க பாட்டில்லதாம்மா உப்பு கம்மி. பிரசிடெண்ட் பாட்டில்ல பாதி உப்பு கரையாமலே அடியில கெடந்துச்சு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஆபீசர் பையிலிருந்து நாலு காலி பாட்டில்களை எடுத்து வைத்தார். “போனது போகட்டும். இந்தத் தடவை நானே மொண்டுக்கறேன். சும்மாவே எழுதித் தர்றேன்னாரே, அவர் கிணத்துலயே ஆரம்பிக்கலாமா?”

தீர்த்தகிரி துண்டை உதறித் தோளில் போட்டார். “தாராளமாங்க! ஆனா பாருங்க... எங்க கிணத்துக் கயிறு அந்துபோயி ஒரு மாசமாச்சுங்க.”

நாகம்மா மறுபடியும் எழுந்தாள்.

“எங்கூட்டுக் கயிறு நல்ல நீளமுங்க. எடுத்தாரட்டுங்களா?”