கரித்துகளின் வயது

ஏரிச் சேற்றின் அடியில் ஒரு கரித்துகளும் ஒரு மகரந்தத் துகளும் நெடுங்காலமாக ஒட்டிக் கிடந்தன. ஒரு நாள் நீளமான இரும்புக் குழாய் ஒன்று இறங்கி, இரண்டையும் சேற்றோடு மேலே கொண்டுபோனது.

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வைத்ததும் கரித்துகள் நடுங்கியது. "இங்கே நெருப்பு இருக்குமா?"

"உனக்கு எப்போதும் இதே பேச்சுதான், அக்கா" என்று சிரித்தது மகரந்தம். "நம் காடு எரிந்து எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. எப்போது எரிந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் இவர்கள் நம்மை எடுத்து வந்திருக்கிறார்கள். படித்தவர்கள், ஒன்றும் செய்ய மாட்டார்கள்."

கரித்துகளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்போது ஓர் இடுக்கி அதை மட்டும் மெல்லத் தூக்கியது.

"பயப்படாதே. உன் வயதைத்தான் பார்க்கப் போகிறார்கள்" என்றது இடுக்கி.

"அதற்கென்ன, கேட்கட்டும். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது, எந்த மரம் முதலில் விழுந்தது, எல்லாவற்றையும் சொல்கிறேன்."

"நீ பேசுவது அவர்களுக்குக் கேட்காதே" என்றது இடுக்கி. "உன்னை எரித்து, அதில் வரும் வாயுவை வைத்துத்தான் வயதைக் கணக்கிடுவார்கள்."

கரித்துகள் இடுக்கியின் நுனியை இறுகப் பற்றிக்கொண்டது.

எரிக்கும் கலத்துக்கு நேர் மேலே இடுக்கி மெதுவாக விரிந்தது.