ஐந்து பங்குக்காரி

"இனிமே உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்!"

அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளி கத்திய கத்தலில், நீதிமன்ற வராந்தாவில் காகிதக் கட்டு சுமந்து போன குமாஸ்தா நின்று திரும்பிப் பார்த்தார். திட்டு வாங்கியது முதலாளியின் மனைவி. அவள் தனியாகப் பேருந்தில் வந்திருந்தாள்; முதலாளி காரில், தன் அக்காவோடு.

"விடு தம்பி, உனக்கு பிரஷர் ஏறிடப் போகுது" என்று அக்கா அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

வழக்கைப் போட்டதே இந்த அக்காதான். கம்பெனியின் பின்பக்கக் கொட்டகை இருக்கும் இடத்தை அப்பா தனக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்தார், அதைக் காலி செய்து தர வேண்டும் என்று கம்பெனி மேல் கேஸ்.

அந்தக் கொட்டகையில்தான் பசை தடவிய அட்டைகள் காய்கின்றன. அது போனால் பெட்டி கிடையாது, நாற்பது பேருக்கு வேலையும் கிடையாது. முதலாளிக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் அம்மா போன பிறகு தன்னைத் தூக்கி வளர்த்த அக்காவிடம் 'முடியாது' என்ற வார்த்தையை இந்த ஐம்பத்து மூன்று வயது வரை அவர் சொன்னதில்லை. தொழிலாளிகள் அக்காவுக்கு வைத்த பெயர் 'மேல்கோர்ட்'. அங்கே தீர்ப்பு சொல்லிவிட்டால் அப்பீலுக்கு இடமில்லை.

அக்கா நீட்டிய தாளில், "கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை" என்று முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்று நீதிபதி ஒரு வரி எழுதினால் கொட்டகை அக்காவுக்கு. அதற்குள் குறுக்கே வந்து விழுந்தது மனைவியின் மனு. கம்பெனியின் நூறு பங்குகளில் ஐந்து என்னுடையது, என்னையும் இந்த வழக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தாள்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"கம்பெனிக்குன்னு வக்கீல் இருக்காரேம்மா. பங்கு வெச்சிருக்கறவங்க எல்லாரும் கிளம்பி வந்தா, நான் மைதானத்துலதான் கோர்ட் நடத்தணும்."

"வக்கீல் இருக்காருங்க ஐயா. வந்ததிலேருந்து தலையை ஆட்டறதைத் தவிர ஒண்ணும் செய்யலை. கம்பெனியை நடத்தறவங்களே கம்பெனிக்காகப் பேசலைன்னா, மிச்சப் பங்குக்காரங்கதானே பேசணும்?"

கம்பெனி வக்கீல் ஆட்டிக்கொண்டிருந்த தலையை நிறுத்தினார்.

"உங்க வீட்டுக்காரர்தானேம்மா நடத்தறார்? வீட்டிலேயே பேசியிருக்கலாமே?"

"அவர் மெஷின் பக்கத்துல நின்னா சிங்கம் ஐயா. அவங்க அக்கா வந்து நின்னா வாயில்லாப் பூச்சி. இவரை நம்பிக் கம்பெனியை விட்டா, நாளைக்குக் கூரையையும் கழட்டிக் கொடுத்துட்டு, எடுத்துட்டுப் போக வண்டியும் பிடிச்சுக் கொடுப்பார்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் முகம் சிவந்தது. நீதிபதி வாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"அந்த இடத்தை மாமனார் கம்பெனி பேர்லதான் எழுதி வெச்சிருக்காருங்க. பத்திரம் பதிஞ்சது மார்ச் மாசம்... மார்ச்..." அவள் தாள்களைப் புரட்டினாள். இரண்டு தாள் நழுவிக் கீழே விழுந்தது.

முதலாளி துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களா ஐயா! தேதி கூடத் தெரியாம கேஸ் நடத்த வந்துட்டா. மார்ச் பதினாலு! அவ மனுவுலயே நாலாம் பக்கத்துல இருக்கு, அதைப் படிக்கத் துப்பில்லை!"

அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "கோவத்துல நீயே ஏன்டா எடுத்துக் கொடுக்கறே?"

நீதிபதி நாலாம் பக்கத்தைப் படித்தார். அப்புறம் 'ஆட்சேபணை இல்லை' கடிதத்தைப் படித்தார். இரண்டையும் அருகருகே வைத்து இன்னொரு தரம் படித்தார்.

"கம்பெனியை நடத்தறவரே அதைக் காப்பாத்த மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கார். அப்ப அஞ்சு பங்கானாலும் கேட்டுத்தான் ஆகணும். இந்த அம்மாவை வழக்குல சேர்க்கறேன். அவங்க வாதத்தைக் கேக்காம கொட்டகையைத் தர முடியாது."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். வராந்தாவில் அக்கா மூக்கை உறிஞ்சினார். "உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன் தம்பி. நீ தங்கம். வாய்ச்சவதான் சரியில்லை."

"என் தலையெழுத்துக்கா" என்றார் அவர். அக்காவை வீட்டில் இறக்கிவிட்டு, இரண்டு வாய் காப்பி குடித்து, இன்னும் கொஞ்சம் புலம்பிவிட்டுத்தான் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டை அறைந்து சாத்தினார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மனைவி சமையலறையில் திரும்பிப் பார்க்காமல் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் நடுவில் பேசிய படபடப்பு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

முதலாளி கதவைத் தாழிட்டார். ஜன்னலையும் சாத்தினார். செல்போனை எடுத்து, அணைத்து, மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். மனைவியின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நான் எழுதிக் கொடுத்ததைவிட நல்லாவே திட்டினே!"