கெண்டைக்கால் சந்து

காய்ச்சல் விட்டு ஆறு மாதமாகியும் பொற்கொடியால் நாலு படி ஏற முடியவில்லை. அன்றும் பாதிப் படியில் அவளுடைய கெண்டைக்கால் கத்தியது: "ஆக்சிஜன் எங்கேய்யா?"

"நான் நிறையக் கொடுத்தேனே!" என்றது நுரையீரல்.

"நான் வேகமாத்தான் தள்ளினேன்!" என்றது இதயம்.

இரண்டையும் சோதித்த டாக்டர் நற்சான்று கொடுத்திருந்தார். அந்தத் தைரியத்தில் இரண்டும் கெண்டைக்காலைச் சோம்பேறி என்று திட்டின.

ஆக்சிஜன் மூட்டையோடு ஓடிய ஒரு சிவப்பணு, கெண்டைக்காலின் மயிரிழை ரத்தக்குழாயில் போய் முட்டி நின்றது. சுவரெல்லாம் வீக்கம், வழியெல்லாம் ரத்தக்கட்டித் துணுக்குகள்.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று குதித்தது சிவப்பணு. "ஏம்ப்பா, காய்ச்சல்லயே அடிபட்டியா? இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"கேட்க யாரு வந்தாங்க? சோதிக்க வந்தவங்க எல்லாரும் இதயம், நுரையீரல்னு பெரிய வீட்டு வாசலோட திரும்பிட்டாங்க" என்றது அந்தச் சின்னக் குழாய்.

வெளியே, படியில் உட்கார்ந்துவிட்ட பொற்கொடியிடம் கணவர் கேட்டார்: "ரிப்போர்ட்தான் நல்லா இருக்கே, அப்புறம் என்ன சோம்பல்?"

அவள் கெண்டைக்காலில் விரலை வைத்து அழுத்தினாள்.

உள்ளே சிவப்பணு தொண்டை கிழியக் கத்தியது: "அக்கா, அங்கேதான்! விரலை எடுத்துடாதீங்க!"